ஹிந்தாவுக்குப் பெயர் வைத்தவர்

மூன்றாம் தரம் பிந்தி வந்தால் உங்களுடைய கதிரை இந்த அறைக்குள் இருக்காது என்று எங்கள் பொறுப்பாளர் எங்களோடு வேலை செய்த எத்தாளை ஊர்ப் பிள்ளையிடம் சொன்னபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் பெரியவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். மூன்றாம் தரம் அவள் பிந்தி வந்தது கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால். அவர் ஏசவில்லை. எழுந்துபோய் அவளுடைய கதிரையைத் தானே தூக்கி வெளி விறாந்தையில் வைத்தார்.

"இருங்க மகள்," என்றார். "அறைக்குள்ள இருக்காதெண்டுதானே சொன்ன."

அவள் ஐந்து மணிவரை புழுதியை வாரி அடிக்கும் கச்சான் காற்றில் அந்தக் கதிரையில் இருந்தாள். கணினி உள்ளே, அவள் வெளியே. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எங்களுக்குத் தேத்தண்ணி வந்தபோது அவளுக்கும் மறக்காமல் அனுப்பினார். மறுநாள் அவள் வரவில்லை. கதிரை மட்டும் இன்னும் ஒரு மாதம் விறாந்தையிலேயே கிடந்தது, அதை உள்ளே எடுக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அவரை நாங்கள் சேர் என்போம். ஊரார் மௌலவி என்று கூப்பிட்டால் நின்று திருத்துவார். "நான் மௌலவி இல்ல. ஓதி முடிக்கல்ல." இந்தியாவில், வடக்கே எங்கோ ஒரு மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதியவர். எட்டாவது வருடம் முடிந்தால் பட்டம். அந்த வருடம் பார்த்து விடுதிச் சமையற்காரனை அநியாயமாக நிறுத்திவிட்டார்களாம். அவனைத் திரும்ப எடுக்காவிட்டால் இங்கே ஒரு பிடி சோறும் தின்ன மாட்டேன் என்று இவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர்கள் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கடையில் வாங்கித் தின்று பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அடுத்த வாரமே சமையற்காரன் மன்னிப்புக் கேட்டு வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கூட்டாளி ஒருவன் கடிதம் போட்டானாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்க மாட்டார். நாங்கள்தான் துப்பட்டிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஏழு வருட உருது, அதன் பிறகு மதுரங்குளியில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கப் போய்விட்டது. கற்பிட்டி வீதியில் எங்கள் பக்கத்து மத்ரஸாவின் பழைய உருதுக் கிதாபுகளையெல்லாம் கணினிக்குள் ஏற்ற வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோதுதான் யாரோ அவரை ஞாபகம் வைத்துக் கூட்டி வந்தார்கள். அவருக்குக் கீழே நாங்கள் நாலு பெண்கள். நான் ஆலங்குடாவிலிருந்து போவேன். மன்னாரிலிருந்து அகதியாக வந்தபோது எங்களுக்குக் கிடைத்த இடம் அது, இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

வேலை இதுதான். ஒரு சொல்லைக் கொடுத்தால், இருக்கிற அத்தனை கிதாபிலும் கடிதத்திலும் அந்தச் சொல் வரும் பக்கங்களையெல்லாம் கணினி கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்தக் கிதாபுகள் பழைய கல்லச்சு. எழுத்துகள் சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். படம் பிடித்துக் கொடுத்தால் கணினி அதை வாசிக்கத் தெரியாமல் கண்டதையும் உளறியது. ஆகவே கையால் அடித்தோம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே அடிப்போம். பிறகு இரண்டையும் பொருத்திப் பார்ப்பார், எங்கே வேறுபடுகிறதோ அங்கே பிழை. பிழை விட்டவள் அந்த வரியை எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரே எழுத்து அரபு விசைப்பலகையில் ஒருவிதமாகவும் உருது விசைப்பலகையில் வேறுவிதமாகவும் உள்ளே பதியும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது. அதையெல்லாம் ஒரே மாதிரியாக்க ஓர் அட்டவணை வைத்திருந்தார். விசைப்பலகையில் ஏ-எஸ்-டி-எஃப் வரிசைகூடத் தெரியாத மனிதர் அதை எப்படிக் கற்றார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். "தேடி வராட்டி, அது இல்லாததுக்குச் சமம்," என்பார். ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்வார்.

எங்களுக்கு உருது தெரியாது. தெரியாதவர்கள்தான் வேண்டும் என்று கேட்டே எடுத்தார். குர்ஆன் ஓதத் தெரிந்தவளுக்கு எழுத்து தெரியும், உருதுக்கென்று மேலதிகமாக உள்ள சில எழுத்துகளைப் பழகினால் போதும். அர்த்தம் தெரிந்தால் கை தன்பாட்டில் திருத்தி அடிக்கும் என்பது அவர் நியாயம். ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. நான் பத்து வயதிலிருந்து தொலைக்காட்சியில் ஹிந்தி நாடகம் பார்த்து வளர்ந்தவள், காதுக்கு ஹிந்தியும் உருதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். அடிக்கும் வரியை வாய்க்குள் வாசித்தால் போதும், நாடகத்து மாமியார் கதைப்பது காதில் கேட்கும். ஆறு மாதத்தில் பாதி விளங்கியது, ஒரு வருடத்தில் முக்கால்வாசி. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் நல்லவர் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது, அதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். மாரி காலத்தில் வீதியெல்லாம் வெள்ளம் போட்ட ஒரு நாள். எட்டு மணிக்குக் கதவு திறந்திருக்கும் என்று முதல்நாள் சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் போகவில்லை. அவர் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஆறு மைல் நடந்துபோய், எட்டுக்குத் திறந்து, தனியே ஐந்து மணிவரை இருந்து, பூட்டிவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் வருவோம் என்று வாக்குக் கொடுக்கவில்லையே.

அவருடைய தம்பி கற்பிட்டியில் இருந்தார். இருவருக்கும் வேலித் தகராறு. வேலியைப் பின்னுக்கு எடுக்கும்வரை உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். தம்பி நெஞ்சுவலி வந்து திடீரென்று மௌத்தாகிவிட்டார். நாங்கள் போனபோது இவர் வீதியில், நடு வெயிலில் நின்றார். தம்பியின் மனைவி வாசலுக்கு வந்து அழுதாள்.

"மச்சான், உள்ள வாங்க மச்சான். ஒரு தரம் மொகத்தப் பாத்துட்டுப் போங்க."

"வேலி அங்கேயேதான் இரிக்கி," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

ஜனாஸா வெளியே வரும்வரை நின்றார். வந்ததும் மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டியின் முன்காலைத் தோளில் வாங்கி, அடக்கும் மையவாடி வரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. கண்ணீர் தாடி வழியே இறங்கியது. சொன்னால் சொன்னதுதான், ஆம்பிளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சனம் மெச்சியது. நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, நானும் சேர்ந்து மெச்சினேன்.

கிதாபுகள் முடிந்து கடிதங்களுக்கு வந்தோம். எங்கள் மத்ரஸாவில் முன்பு தலைமை ஆசிரியராக ஒரு பெரிய ஹஸ்ரத் இருந்தார். சனங்கள் வீட்டுக்குள் தீர்க்க முடியாத மார்க்கக் கேள்விகளைக் கொண்டுவந்து அவரிடம் இரகசியமாகச் சொல்வார்கள். சிக்கலானதை அவர் உருதுவில் எழுதி இந்தியாவில் தனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதுக்கு அனுப்பிப் பதில் எடுப்பார். அப்படி எழுதும்போது சொந்தப் பெயர் போடக்கூடாது என்பது வழக்கம். ஆண் என்றால் ஸைத், பெண் என்றால் ஹிந்தா. கேட்டது யாராக இருந்தாலும் அப்படித்தான். ஊரில் உள்ள அத்தனை வெட்கமும் அந்த இரண்டு பெயருக்குள் ஒளிந்திருந்தது. அப்படி நானூறுக்கு மேல் கடிதங்கள், பதில்களோடு.

சேருக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, திகதி, ஆட்களின் பெயர் என்று நிரப்ப வேண்டிய பெட்டிகள் இருந்தன. வேலை முடியும் நேரம் ஒவ்வொரு நாளும், எந்தப் பதிவில் எந்தப் பெட்டி வெறுமையாக இருக்கிறது என்று கணினியிடம் பட்டியல் கேட்பார். அந்தப் பட்டியலை, இந்தத் தேடலைத் திறந்து வைக்கும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக் காட்டுவேன் என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஹிந்தா என்று தேடினால் முந்நூறு கடிதம் வந்தது. அவர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

பிறகு ஒரு காலையில் பழைய கொப்பி ஒன்றோடு வந்தார். ஹஸ்ரத்தின் விதவை கொடுத்தாளாம். பதில் வந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று மறக்காமல் இருக்க ஹஸ்ரத் எழுதி வைத்தது. கடித இலக்கம், அதற்கு நேரே பெயர், ஊர். அரபு எழுத்தில் தமிழ்.

நான் அன்று மத்தியானம் அவர் தொழப் போன நேரம் கொப்பியைப் புரட்டினேன். நூற்று எழுபத்திரண்டாவது இலக்கத்தில் என் உம்மாவின் பெயர் இருந்தது.

கடிதத்தை எடுத்து வாசித்தேன். ஸைதும் ஹிந்தாவும் அகதிகள், ஆலங்குடா முகாமில் ஓலைக் குடிசையில் இருப்பவர்கள். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. ஸைத் கோபத்தில் ஹிந்தாவுக்கு மூன்று தலாக்கும் சொல்லிவிட்டான். வேறு யார் காதிலும் விழவில்லை. இப்போது இருவரும் அழுகிறார்கள், சேர்ந்து வாழ ஏதும் வழி உண்டா. பதில் நாலு வரி. வழி இல்லை. பிரிந்துவிட வேண்டும், அவள் இன்னொருவனை மணந்து அவனும் விட்டாலொழிய இவனுக்கு ஹலால் இல்லை. அந்த மூன்று வயதுப் பிள்ளை நான். உம்மாவும் வாப்பாவும் பிரியவில்லை. ஓலைக் குடிசையில் பிரிந்து எங்கே போவது? யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்தார்கள். தங்கச்சி பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்தப் பதிலின்படி அவளுக்கு ஒரு பெயர் உண்டு, அதை நான் எழுத மாட்டேன். வாப்பா மௌத்தாகி ஆறு வருடமாகியிருந்தது. தங்கச்சிக்கு மதுரங்குளியில் மாப்பிள்ளை பேசி முடித்து, நிகாஹுக்கு இரண்டு மாதம் இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா தரை ஓட்டுக் கடை ஹாஜியார், எங்கள் மத்ரஸா நிர்வாகத்திலும் இருந்தார்.

மற்றப் பிள்ளைகள் போகும்வரை காத்திருந்தேன்.

"சேர், இந்தக் கொப்பிய உள்ளுக்குச் சேக்காம விடுங்க."

"ஏன் மகள்?"

"அது அமானிதம் சேர். ஹஸ்ரத்த நம்பிச் சொன்ன கதையள்."

"மறைக்கச் சொல்லி ஹஸ்ரத் எழுதி வைக்கல்ல. மறைக்கோணுமெண்டா கொப்பிய எரிச்சிருப்பார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹிந்தாண்டு தேடினா முந்நூறு வருது. அதுல ஆர் ஆரெண்டு தெரியாட்டி அந்தத் தேடலால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

நான் மேசைக்குக் கிட்டப் போனேன். பிறகு சொன்னேன். "அதுல எங்கட உம்மாவும் இரிக்காங்க சேர்."

"தெரியும். நூத்தி எழுபத்திரெண்டு." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நீங்க அர்த்தம் விளங்கித்தான் அடிக்கிறீங்க எண்டதும் தெரியும். சிரிக்க வேண்டிய வரியில சிரிக்கிறீங்க."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தங்கச்சியின் கலியாணத்தைச் சொன்னேன், ஹாஜியாரைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார், அப்படிக் கவனமாகக் கேட்கும் ஒரு ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"பொய்ப் பேர் போட விடமாட்டன். ஆனா ஒங்கட உம்மாட பெட்டிய வெறுமையா விடலாம். மத்தப் பேரெல்லாம் நீங்க போடுங்க, ஒண்டு விடாம. போட்டா, அந்தப் பெட்டியில நானும் கை வைக்க மாட்டன், ஆர் கேட்டாலும் பேரும் சொல்ல மாட்டன். இது நான் ஒங்களுக்குத் தாற வாக்கு."

நான் அழுதேன். நன்றியில் அழுதேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்காது. அவர் வாக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? உலகத்தில் அதைவிடப் பலமான பூட்டு இல்லை என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் எடுத்தது. கடிதத்தைத் திறந்து, இலக்கத்தைப் பார்த்து, கொப்பியில் பெயரைத் தேடி, பெட்டியில் அடித்தேன். புருஷனுக்கு ஆண்மை இல்லாமல் போனவள், மாமனார் கை பிடித்து இழுத்தவள், கலியாணத்துக்கு முன்பே கர்ப்பமானவள். எல்லாருக்கும் பெயர் வைத்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயரையும் அழித்து அழித்து அடித்தேன். இரண்டாம் வாரம் விறுவிறுவென்று போனது. முன்வீட்டு ஸீனத் மாமியின் பெயரும் வந்தது. உம்மாவோடு ஒரே வள்ளத்தில் மன்னாரிலிருந்து வந்தவள் அவள், நோன்பு காலத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சிக்குத் தேங்காய் துருவித் தருகிறவள். அவளுடைய கடிதத்தில் என்ன இருந்தது என்று வாசித்தேன். வாசித்துவிட்டு அடித்தேன். ஒவ்வொரு மாலையும் சேர் கொப்பியை வைத்துச் சரிபார்ப்பார். "ஒரு பிழை இல்ல," என்று ஒருநாள் சொன்னார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தரம்தான், நான் அன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

திறப்பு நாளில் நிர்வாகத்தார் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தங்கச்சியின் மாமனாராகப் போகும் ஹாஜியார் என்னைக் கண்டதும், "என்ன மகள், உம்மா சுகமா இரிக்காங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர். தட்டில் வைத்த வட்டிலப்ப இனிப்பில் முதல் துண்டை எடுத்து எனக்குக் கொடுக்கச் சொன்னார். சேர் திரைக்கு முன்னால் இருந்து மழைத் தொழுகை என்று தேடிக் காட்டினார், ஸகாத் என்று தேடிக் காட்டினார். பக்கங்கள் வரிசையாக வந்து விழுந்தன, எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"கடைசியா ஒண்டு," என்றார் சேர். "வெறும் பெட்டிப் பட்டியலக் காட்டுறதா வாக்குத் தந்திரிக்கன்."

பட்டியலைக் கேட்டார். முன்பெல்லாம் நூற்றுக்கணக்கில் வந்த பட்டியல் அது. அன்று ஒரே ஒரு வரி வந்தது.

"இதென்ன, ஒண்டு விட்டுப் போச்சா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"விட்டுப் போகல்ல ஹாஜியார்."

"என்ன கேள்வி அது?"

சேர் வாசித்தார். தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அகதிகள். ஆலங்குடா முகாம். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. மூன்று தலாக். பதிலையும் சொன்னார். கடிதத்தின் திகதியையும் சொன்னார்.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார் ஹாஜியார். "அப்ப இதுக்கு மட்டும் ஏன் பேர் போடல்ல?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். கொப்பியில் தாள் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவர் பொய் சொல்லமாட்டார். திரும்பி என்னைப் பார்த்தார், அன்பாகத்தான் பார்த்தார்.

"அது இந்தப் பிள்ளைக்கு நான் குடுத்த வாக்கு ஹாஜியார். பேர் மட்டும் கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டன்."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதிலிருந்து தங்கச்சியின் வயதைக் கழித்து, அவள் அந்தக் கடிதத்துக்குப் பிறகு பிறந்தவள் என்று காண அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்காது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

நாலாம் நாள் கலியாணத் தரகர் வந்தார். இந்தச் சம்பந்தம் நல்லதா என்று அல்லாஹ்விடம் கேட்டு இஸ்திகாரா தொழுது பார்த்தார்களாம், மனசு சாயவில்லையாம். வேறு ஒரு காரணமும் இல்லையாம். தங்கச்சி மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சேலையை மடித்து, அதன்மேல் மோதிரப் பெட்டியையும் வைத்து அவரிடம் கொடுத்தாள். என்ன பிழை விட்டேன் ராத்தா என்று என்னிடம்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு இடம் பேசினார்கள். இரண்டு வீட்டாரும் மதுரங்குளியில் கதையைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் வரவில்லை.

தரகர் வந்துபோன மறுநாள் நான் வேலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், போகாமல் விட்டால் எல்லாம் உண்மை என்று ஆகிவிடுமே என்ற பயம். சேருக்குக் கதை எட்டியிருந்தது. என் மேசைக்கு வந்து நின்றார், முகம் வாடித்தான் இருந்தது.

"கவலையா இரிக்கி மகள்," என்றார். பிறகு கேட்டார். "நான் தந்த வாக்கு மாறல்லதானே?"

"மாறல்ல சேர்," என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. முகம் தெளிந்தது. புதிதாகக் கிடைத்த ஒரு கட்டுக் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் நான் என் கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு வந்தவள்தான், பிறகு போகவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. உம்மா பின்கதவடியில் கீரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலாக் என்றதும் அவள் கையிலிருந்த கத்தி நின்றது. பிறகு மறுபடியும் ஆய்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். வாப்பாவைப் பற்றி ஒரு சொல் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அடுத்த மீனை எடுத்தாள். கொப்பியைப் பற்றி, பெட்டிகளைப் பற்றி, ஐந்து வார வேலையைப் பற்றிச் சொல்லி முடித்தபோது மீனும் முடிந்திருந்தது.

"மத்தப் பொம்புளையள்ற பேரெல்லாம் ஆர் போட்ட?" என்று கேட்டாள்.

"நான்தான் உம்மா."

"ஸீனத்துட பேரும்?"

"ஓம்."

"அவட மருமகன் வீட்டாக்கள் தேடினா வருமா?"

"வரும் உம்மா."

உம்மா கையைக் கழுவினாள். கனநேரம் கழுவினாள். தண்ணீரை உதறிவிட்டு, ஸீனத் மாமி வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எண்ட பேரயும் போட்டிருக்கலாமே, மகள்."